தண்டுவட மரப்பு நோயின் வகைகள்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனப்படும் தண்டுவட மரப்பு நோயில், உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பாற்றலே, மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையைத் தாக்குகிறது. இந்நோயின் போக்கு எல்லோருக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை.

விட்டுவிட்டுத் தாக்கும் வகை: ஏறத்தாழ 85 விழுக்காட்டினருக்கு நோய் இவ்வாறே தொடங்குகிறது. பார்வை மங்கல், மரத்துப்போதல், கால் தளர்ச்சி போன்றவை திடீரெனத் தோன்றி, சில வாரங்களில் முழுமையாகவோ ஓரளவோ தணியும்.

பின்னர் முற்றும் வகை: முதல் வகையினருள் சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து இயலாமை படிப்படியாகக் கூடும்.

தொடக்கம் முதலே முற்றும் வகை: 10 முதல் 15 விழுக்காட்டினருக்குத் தணிவுக் காலமின்றி, பெரும்பாலும் நடையில் தளர்ச்சி மெல்ல வளரும்.

வகைக்கேற்ப மருந்தும் மாறும். முதல் வகையினரிடம் நாங்கள் சிறப்பாக வலியுறுத்துவது ஒன்று உண்டு: அறிகுறி தணிவது நோய் நீங்கியதாகாது. உடல் நலமாகத் தோன்றும்போதும் மூளையில் புதிய தழும்புகள் உருவாகலாம்; அவற்றை எம்.ஆர்.ஐ. பரிசோதனையே காட்டும். எனவே மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்தாதீர்கள். புதிய அறிகுறி 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் உடனே எங்களிடம் தெரிவியுங்கள். நோயாளி பொருட்படுத்தாத மாற்றத்தை உடனிருப்போர் முதலில் கவனிப்பதும் உண்டு. அவர்களும் தயங்காமல் சொல்லலாம்.