கோதுமைக்கு எந்த நாளில் தண்ணீர்?

பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தானின் வடபகுதி ஆகிய வறண்ட நிலப்பரப்புகளில் நவம்பரில் விதைக்கப்பட்டு ஏப்ரலில் அறுவடையாகும் கோதுமை, பருவமழை ஓய்ந்த பிறகே வயலுக்கு வருவதால், மண்ணில் எஞ்சிய ஈரமும் எப்போதாவது பெய்யும் குளிர்கால மழையும் போதாமல், கால்வாயையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பியே வளர்கிறது. ஓர் ஏக்கரில் 6 செ.மீ. உயரத்துக்கு ஒரு முறை நீர் பாய்ச்சவே ஏறத்தாழ 2.4 லட்சம் லிட்டர் செலவாகும். ஆகவே சிக்கனம் என்றவுடன் கருவிகளின் பெயர்களே முதலில் சொல்லப்படுகின்றன. ஆனால் கருவிக்கு முன்பே தீர்மானிக்கப்பட வேண்டியது, தண்ணீர் விடும் நாள்.

விதை முளைக்கும்போது அதிலிருந்து நேராகக் கிளம்பும் மெல்லிய வேர்கள் இளம்பயிரை மட்டுமே தாங்கும். விதைத்த 20 முதல் 25 நாட்களுக்குள், மண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, தண்டின் அடிக்கணுக்களிலிருந்து இரண்டாம் தொகுதி வேர்கள் புறப்படுகின்றன. இதை முடிவேர்ப் பருவம் எனலாம். இவ்வேர்கள் பிறக்கும் மேல்மண்ணே வயலில் முதலில் காய்வதும் ஆகையால், அந்த வாரத்தில் ஈரம் தவறினால் வேர்கள் நீளாமல் நின்றுவிடும், தூர்கள் குறையும், பின்னர் தாராளமாகப் பாய்ச்சினாலும் அந்த இழப்பு முழுவதும் ஈடாகாது.

1960களில் மெக்சிகோவிலிருந்து வந்த சொனோரா 64 போன்ற குட்டை ரகங்களே இந்த நாட்கணக்கை முதன்மைப்படுத்தின. நெட்டை ரகங்களை ஈரம் தேடி ஆழமாக விதைக்க முடிந்தது. குட்டை ரகங்களிலோ முளையைப் போர்த்திவரும் உறை குறுகியது என்பதால், சுமார் 5 செ.மீ. ஆழத்துக்குள் விதைத்து, முதல் தண்ணீரையும் காலந்தாழ்த்தாமல் விட வேண்டியிருந்தது. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் முன்னின்று நடத்திய பசுமைப் புரட்சியின் வரலாறு ரகங்களைப் பேசும் அளவுக்கு இந்தப் பாசன மாற்றத்தைப் பேசுவதில்லை.

ஒரே ஒரு தண்ணீர்தான் கிடைக்கும் என்றால் அது முடிவேர்ப் பருவத்துக்கே உரியது; இரண்டாவது கிடைத்தால் கதிர் வெளிவந்து பூக்கும் காலத்துக்கும், மூன்றாவது மணி பால்பிடிக்கும் காலத்துக்கும் போக வேண்டும். 2022 மார்ச்சில் வட இந்தியாவில் வழக்கத்துக்கு மாறாக வெயில் ஏறியபோது மணிகள் முற்றாமலே சுருங்கின. அத்தகைய நாட்களில் லேசாக விடப்படும் தண்ணீர் பயிரின் வெப்பத்தைத் தணிக்கும். ஆயினும் நனைந்து இளகிய மண்ணில் காற்று வீசினால் கதிர் கனத்த பயிர் சாய்ந்துவிடும் என்பதால், காற்று அடங்கும்வரை காத்திருந்தே மடை திறக்க வேண்டும்.

வயலை லேசர் கருவியால் சமன்செய்வதும், அகன்ற பார்களின் மேல் இரண்டு மூன்று வரிசையாக விதைத்து இடைச்சாலில் மட்டும் நீர் விடுவதும், மேடுபள்ளங்களில் வீணாகும் நீரைக் குறைக்கின்றன. அந்நீர் எங்கே போகிறது என்பதைப் பொறுத்தே மிச்சத்தின் உண்மை மதிப்பு அமையும். நிலத்தடி நீர் நன்னீராக உள்ள நடுப் பஞ்சாபில் கீழே கசிவதில் பெரும்பகுதி மீண்டும் நீரடுக்கைச் சென்றடைவதால், கசிவைத் தடுப்பதில் மிஞ்சுவது பெரும்பாலும் இறைக்கும் மின்சாரமே. அங்கே மெய்யான மிச்சம் தருவது, நெல் தாளை எரிக்காமல் மண்மேல் போர்வையாக விட்டு அதனூடே கோதுமையை விதைத்து ஆவியாதலைக் குறைப்பதாகும். தென்மேற்கே முக்த்சர் வட்டாரத்தில் நிலத்தடி நீர் உவர்ப்பாக இருப்பதால், கசியும் கால்வாய் நீர் அதில் கலந்து பயனற்றுப் போவதோடு, நீர்மட்டத்தை உயர்த்தி வேர்ப்பகுதிக்கு உப்பையும் கொண்டுவருகிறது. ஆகவே அங்கு வயலைச் சமன்செய்வதால் தண்ணீரும் மிஞ்சுகிறது, நிலமும் கெடாமல் தப்புகிறது.