மலையேறும் ஓட்டோவுக்கு எந்தப் பிளக்?

போன ஜனவரியில் ஒரு விடியற்காலை அம்மாவுக்கு மூச்சுத்திணறல். அண்ணனின் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். லயத்திலிருந்து பிரதான வீதிக்கு வருவதற்குள் மூன்று கிலோமீற்றர் தோட்டத்து ரோட்டைத் தாண்டவேண்டும். ரோடு என்று பெயர்தான், கல்லும் பள்ளமும்தான் இருக்கிறது. முதல் முடக்கில் என்ஜின் இருமியது, இரண்டாவது முடக்கில் நின்றே விட்டது. அண்ணன் போன் வெளிச்சத்தில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். நுனி அடுப்புக்கரி மாதிரி இருந்தது. பழைய பற்பிரஷால் தேய்த்து, சட்டையில் துடைத்து மாட்டியபிறகு ஸ்டார்ட் ஆனது. அம்மா பிழைத்துக்கொண்டார். நாங்கள் அந்த முடக்கில் நின்ற நேரம் இன்னும் என் மனதைவிட்டுப் போகவில்லை.

தோட்டங்களில் ஓட்டோதான் அம்புலன்ஸ், அதுதான் ஸ்கூல் வான், மரக்கறி லொறியும் அதுதான். ஒரு காலத்தில் தொரைமாரின் லேண்ட் ரோவர் ஏறிய அதே பாதைகளில், சின்னச் சக்கரம் மூன்றை வைத்துக்கொண்டு ஐந்து பேரை ஏற்றி ஏறுகிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இருந்த வண்டியைத்தான் பழுதுபார்த்து ஓட்டவேண்டியிருந்தது. அதனால் பிளக் போன்ற சின்னச் சாமானைத் தெரிவுசெய்வதும் எங்களுக்குப் பெரிய விசயம்தான்.

(டீசல் ஜீப் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை உதவாது. டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அதிலிருக்கும் ஹீட்டர் பிளக் வேறு சாமான்.)

பிளக் ஏன் கறுக்கிறது? ஹட்டன் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, நுவரெலியா 1,868 மீற்றர். நுவரெலியாவில் காற்றின் அழுத்தம் கொழும்பைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்பரேட்டருக்கு இது தெரியாது. கீழே எவ்வளவு பெற்றோல் விட்டதோ கிட்டத்தட்ட அதே அளவை இங்கேயும் விடுகிறது, அதை எரிக்கப் போதுமான காற்று இல்லை. எரியாத மிச்சம் பிளக்கில் கரியாகப் படிகிறது. கரி மின்சாரத்தைக் கடத்தும். பொறி இடைவெளியில் பாயவேண்டிய மின்சாரம் கரிவழியே கசிந்துவிடும். ஒட்சிசன் சென்சருடன் பெற்றோலைப் பீச்சும் புது என்ஜின்கள் தாமே அளவைத் திருத்திக்கொள்ளும். பழைய வண்டியை நாம்தான் திருத்தவேண்டும்.

பிளக் தன் கரியைத் தானே எரித்துக்கொள்ள அதன் நுனி ஏறக்குறைய 450 பாகை செல்சியசைத் தாண்டவேண்டும். 850ஐயும் தாண்டிப் போனால் நுனியே தணலாகி, பொறி வருமுன்பே பெற்றோலைப் பற்றவைத்துவிடும். பிஸ்டனில் ஓட்டை விழுவது அப்படித்தான். இந்த இரண்டுக்கும் இடையில் நுனியை வைத்திருப்பதுதான் 'ஹீட் ரேஞ்ச்' எனும் எண்ணின் வேலை. பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் சூடு மெதுவாக இறங்கும், அது சூடான பிளக். மூக்கு குட்டையாக இருந்தால் குளிர் பிளக். பொறியின் பலத்துக்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை.

நாங்கள் மாட்டிக்கொண்டது இங்கேதான். மறுநாள் டவுனில் ஒரு கடையில் அண்ணன் வழக்கமாகப் போடும் பிளக் இருக்கவில்லை. "வேற கம்பனி, நம்பர் ஒண்டுதான் தம்பி, பிரச்சினை வராது" என்றார் கடைக்காரர். மரையும் சரியாகப் பொருந்தியது. இரண்டு வாரம் வண்டி அருமையாக ஓடியது, கரியே இல்லை. பிறகு ஆள் ஏற்றி மலையேறும்போது டக் டக் என்று தட்டும் சத்தம். கழற்றிப் பார்த்தால் பீங்கான் சுண்ணாம்பாக வெளுத்து, சின்னச் சின்னக் கொப்புளம்.

எண் ஒன்றாக இருந்தாலும் அதன் பொருள் கம்பனிக்குக் கம்பனி மாறும். என்ஜிகே, டென்சோ இரண்டிலும் எண் கூடக்கூடப் பிளக் குளிர்ந்தது. பொஷ், சம்பியன் இரண்டிலும் நேரெதிர், எண் கூடினால் சூடானது. கம்பனி மாற்றுவதென்றால் எண்ணைப் பார்க்காமல் ஒப்பீட்டு அட்டவணையைப் பார்க்கவேண்டும். இன்று அது போனிலேயே கிடைக்கிறது.

மற்ற எழுத்துகளையும் வாசிக்கப் பழகலாம். உதாரணத்துக்கு என்ஜிகேயின் சிபிஆர்8இஏ-9: 'சி' என்றால் 10 மில்லிமீற்றர் மரை, 'பி' மூக்கு வெளியே நீண்டிருப்பது, 'ஆர்' உள்ளே ரெசிஸ்டர் இருப்பது, 8 ஹீட் ரேஞ்ச், 'இ' மரையின் நீளம் 19 மில்லிமீற்றர், கடைசி 9 என்பது 0.9 மில்லிமீற்றர் இடைவெளி. மரை நீளத்தில் பிழைவிட்டால் விபரீதம். கூடினால் பிஸ்டனில் இடிக்கலாம். குறைந்தால் மிச்ச மரைக்குழியில் கரி ஏறும்.

அப்படியானால் மலைநாட்டுக்கு எதைப் போடுவது? கரி பிடிக்கிறதே என்று சூடான பிளக்குக்குப் போகத்தான் எல்லோருக்கும் மனம் வரும். நான் அதற்கு எதிர்ப்பக்கம். எங்கள் ஓட்டோ காலைப் பனியில் குளிர்ந்துபோய்க் கிடக்கிறது, சந்தியில் ஹயருக்குக் காத்து நிற்கிறது, அங்கே கரி படிகிறது. அதே ஓட்டோ அரைமணி நேரத்தில் முதல் கியரில் முழுப்பாரத்தோடு ஏறுகிறது. வேகம் இல்லாததால் முன்காற்றும் இல்லை, என்ஜின் கொதிக்கிறது. சூடான பிளக் முதல் நிலைமைக்கு மருந்து, இரண்டாவதுக்கு நஞ்சு. கம்பனிக் கையேட்டில் சொன்ன ரேஞ்சையே போட்டுவிட்டு, கரியின் காரணத்தைத் தேடுவது நல்லது. முதலில் எயார் ஃபில்டர்: தோட்டத்துப் புழுதியும் மூடுபனி ஈரமும் அதை அடைத்துவிடும். அடுத்து சோக் முழுதாகத் திறக்கிறதா என்று. பிறகு, விசயம் தெரிந்த பாஸ் ஒருவரிடம் கார்பரேட்டர் ஜெட்டை ஒரு அளவு சிறிதாக்கக் கேட்கலாம். அடிக்கடி கொழும்புக்கு இறங்கும் வண்டியென்றால் ஜெட்டில் கை வைக்காதீர்கள். கீழே பெற்றோல் போதாமல் என்ஜின் சூடேறும்.

பிளக்கைப் பார்த்துக் காரணம் சொல்லவும் நேரம் இருக்கிறது. நின்ற இடத்திலேயே ஓடவிட்டுக் கழற்றினால் எந்தப் பிளக்கும் கறுப்பாகத்தான் வரும். ஒரு ஏற்றம் ஏறி, உடனே என்ஜினை நிறுத்தி, சூடு ஆறியபின் கழற்றுங்கள். பால்தேத்தண்ணி நிறமென்றால் சுகம். உலர்ந்த கறுப்பு, பெற்றோல் அதிகம். எண்ணெய்ப் பிசுக்குள்ள கறுப்பு என்றால் பிளக் மாற்றிப் பயனில்லை, ரிங்கோ வால்வு சீலோ போயிருக்கலாம்.

இரிடியம் பிளக் வாங்கலாமா என்று அண்ணன் கேட்டார். இரிடியம் உருக 2,400 பாகைக்கு மேல் வேண்டும், நிக்கல் 1,455இலேயே உருகும். அதனால்தான் இரிடியம் நுனியை ஊசியாகச் செய்யமுடிகிறது, நீண்டகாலம் தேயாது. ஆனால் கரியில் மூழ்கினால் அதுவும் நிற்கும். ஒருநாள் பேரை எண்ணிச் செலவழிக்கும் வீட்டில், அந்தக் காசுக்கு சாதாரணப் பிளக் இரண்டு வாங்கி, ஒன்றை சீட்டுக்கடியில் பிளக் சாவியோடு வைத்திருப்பது புத்தி என்றேன். போலிச் சாமானும் உண்டு, பார்த்து வாங்கவேண்டும். நடு எலக்ட்ரோட் கோணலாக இருந்தாலோ, எழுத்து அழிந்தாலோ, வொஷர் சும்மா கழன்று விழுந்தாலோ திருப்பிக் கொடுங்கள்.

பூட்டும்போது கையாலேயே முழுதாகத் திருகுங்கள். அதன்பிறகு புதுப் பிளக்குக்குச் சாவியால் ஏறக்குறைய அரைச்சுற்று போதும். அலுமினியத் தலை, பலம் காட்டினால் மரை போய்விடும். இரண்டு பிளக் உள்ள என்ஜினென்றால் இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். ரப்பர் மூடியில் வெடிப்பிருந்தால் அதையும் சேர்த்து.

2022இல் வாரத்துக்கு 5 லீற்றர் என்று கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்றபோது, கரி கக்கும் என்ஜினில் எத்தனை லீற்றர் வீணாகப் போயிருக்கும் என்று அண்ணன் இப்போது கணக்குப் பார்க்கிறார். பழைய ரேஞ்சுக்கே திரும்பி, ஃபில்டரையும் மாற்றியாயிற்று. கழற்றிய கொப்புளப் பிளக் கண்ணாடிக்கு முன்னால் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் கிடக்கிறது.