உங்களுக்குத் தெரியுமா? பல துணி, ஓர் உடை

● லாகோஸ் நகரத்துக் கல்யாண வீட்டில் நிற்கும் யொரூபா அம்மாளின் உடையில் இரண்டு கண்டங்கள் கலந்திருக்கும். இடுப்பில் சுற்றிய 'இரோ'வும் மேலே போட்ட தளர்ந்த ரவிக்கையான 'புபா'வும் பெரும்பாலும் லேஸ் துணி. 1960கள் முதல் நைஜீரியப் பெண்களின் விருப்பத்துக்கென்றே ஆஸ்திரியாவின் ஃபோரார்ல்பெர்க் மாநிலத்தில் எம்பிராய்டரி போட்டுக் கப்பலேறிய சரக்கு அது. தலையில் விறைத்து எழும் 'கெலே'வும் தோளில் மடித்துப் போடும் துணியும் இசெயின் போன்ற நைஜீரிய ஊர்களின் தறியில் நெய்த 'அசோ ஓகே'. மெல்லிய லேஸுக்குப் பக்கத்திலேயே கனத்த கைத்தறி. பளபளப்பும் சொரசொரப்பும் இப்படி ஒன்றையொன்று தூக்கிக் காட்டுவதுதான் அந்த உடையின் அழகு.

● விசேஷ வீட்டாரும் நண்பர்களும் ஒரே துணி எடுத்து உடுத்துவது அங்கே வழக்கம். 'அசோ எபி' என்பார்கள். துணிதான் ஒன்று. கழுத்து, கை, இடுப்பு எல்லாம் ஆளுக்கு ஆள் வேறு. தையற்காரரின் திறமைக்கு இதைவிடப் பெரிய பரீட்சை கிடையாது.

● ஆப்பிரிக்கத் துணி என்றதும் நம் கண்முன் வரும் பெரிய பெரிய அச்சு போட்ட 'வேக்ஸ்' பருத்தி, ஜாவாத் தீவின் 'பத்திக்' சாயத் துணியைப் பார்த்து 19ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் இயந்திரத்தில் செய்தது. 1846இல் ஹெல்மண்ட் நகரில் தொடங்கிய விலிஸ்கோ நிறுவனம் இன்றும் அந்தத் தொழிலில் இருக்கிறது. துணியின் இரு பக்கமும் பிசினால் உரு அச்சிட்டு, அவுரி நீலத்தில் முக்குவார்கள். பிசின் வெடித்த இடங்களில் சாயம் புகுந்து நரம்பு நரம்பாக ஓடும். ஜாவாக்காரர்களுக்கு அது பழுதாகத் தெரிந்தது. மேற்கு ஆப்பிரிக்கக் கரையின் பெண்களோ அந்த நரம்போட்டத்துக்காகவே துணியை விரும்பி வாங்கினார்கள். ஒரு துண்டு போல இன்னொரு துண்டு இருக்காது என்பது அவர்களுக்குப் பெருமை.

● டோகோவின் தலைநகர் லோமேயில் இந்தத் துணியை மொத்தமாக விற்றுச் செல்வம் சேர்த்த பெண் வியாபாரிகளுக்கு 'நானா பென்ஸ்' என்று பெயர். மெர்சிடிஸ் பென்ஸ் காரில் போனவர்கள் ஆயிற்றே! எந்த அச்சு விலைபோகும், எந்த நிறம் தேங்கும் என்று ஐரோப்பிய ஆலைக்கே சொல்லி அனுப்பியவர்கள் அவர்கள். அச்சுக்குப் பெயர் வைத்ததும் பெரும்பாலும் சந்தைதான். 'நீ வெளியே போனால் நானும் போவேன்' என்று கணவனுக்குச் சொல்லும் பெயருடைய அச்சுகூட உண்டு. கூண்டை விட்டுப் பறக்கும் பறவைதான் அதன் உரு.

● நம் ஊர்த் துணியும் இந்தக் கலப்பில் இருக்கிறது. சென்னைத் துறைமுகம் வழியாகச் சோழமண்டலக் கரையின் கட்டம் போட்ட கைத்தறிகள் லண்டன் வணிகர்கள் கைமாறி மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போயின. வியாபாரத்தில் அதற்கு 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்' என்று பெயர். ஆந்திரத்துச் சீராலாப் பகுதியின் தறிகளில் நெய்ததும் அதில் சேர்த்தி. நைஜீரியாவில் நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் அதை 'இஞ்சிரி' என்றார்கள். வாங்கியதை அப்படியே உடுத்திக்கொண்டு போகவில்லை. கலபாரிப் பெண்கள் சின்னக் கத்தியால் சில நூல்களை மட்டும் தேர்ந்து வெட்டி, ஒவ்வொன்றாக உருவி எடுப்பார்கள். கட்டத்துக்குள்ளிருந்து சல்லடை போல இன்னொரு உரு வெளிப்படும். 'பெலெட்டே பிட்டே' என்பது அந்தத் துணி. நூல் சேரவில்லை, சாயம் ஏறவில்லை. எடுத்ததனால் மட்டுமே உண்டான வேலைப்பாடு. பெரியவர்கள் இறந்தால் அவர்களைக் கிடத்தும் கட்டிலையும் அறையையும் குடும்பப் பெட்டியிலிருந்து எடுத்த இத்தகைய துணிகளால் அலங்கரிப்பது அவர்கள் மரபு. நம் நெசவாளர் நெய்த கட்டம் அங்கே குலச்சொத்து. நம் பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு பக்கமாவது ஒதுக்க வேண்டாமா?

● அதே நைஜீரியாவில் இக்போ பெண்கள் விசேஷங்களுக்கு இடுப்பில் இரட்டையாகக் கட்டும் துணிக்கு 'ஜார்ஜ்' என்று பெயர். சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையை ஒட்டி வந்த பெயர் என்பர்.

● 2005இல் பல அச்சுகளை ஒன்றாகச் சேர்த்த ஒரே ஓர் உடை உலகப் புகழ் பெற்றது. தைத்தவர் துரோ ஒலோவு. லாகோஸில் பிறந்தவர், தந்தை நைஜீரியர், தாய் ஜமைக்காக்காரர். சட்டம் படித்துவிட்டு லண்டனில் உடை வடிவமைக்க வந்தார். மார்புக்குக் கீழே இடுப்பு வைத்துத் தளர்ந்து இறங்கும் கவுன்; உடல் ஒரு துணி, கரையும் கைப்பட்டியும் வேறு வேறு துணி. பிரிட்டனின் வோக், அமெரிக்காவின் வோக் இரண்டுமே அதை அந்த ஆண்டின் உடை என்று கொண்டாடின. மிஷல் ஒபாமாவும் அவருடைய உடைகளை அணிந்திருக்கிறார்.

● ஒலோவுக்கு ஒரு தலைமுறைக்கும் முன்பே வழி போட்டவர் ஷாடே தாமஸ்-ஃபாம். லண்டனில் தையற்கலை படித்து 1960இல், நைஜீரியா விடுதலை பெற்ற ஆண்டில், லாகோஸ் திரும்பினார். வேலைக்குப் போகும் பெண்களுக்காக ஜிப் வைத்த இரோ, முன்கூட்டியே கட்டித் தைத்த கெலே, ஆண்களின் 'அக்படா' மேலங்கியிலிருந்து பெண்களுக்கான அங்கி என்று உள்ளூர்த் துணியைப் புது வெட்டுக்குக் கொண்டுவந்தார். ஐரோப்பிய கவுன்தான் நாகரிகம் என்று நினைத்த காலத்தில் இதைச் செய்தவர் என்பதால் எனக்கு அவர்மேல் தனி மரியாதை.

● காங்கோவின் கூபா மக்கள் ராஃபியா பனை நாரில் நெய்வார்கள். முரட்டு நார் மென்மையாக அதை உரலில் இடிப்பது வழக்கம். இடிக்கையில் ஓட்டை விழும். ஓட்டையை மூட வைத்த ஒட்டுத்துணியே பிறகு அலங்காரமாக வளர்ந்தது என்கிறார்கள். பெண்கள் சுற்றிக் கட்டும் ஆட்டப் பாவாடை பல மீட்டர் நீளம். அதில் ஒட்டுகள் எழுத்து எழுத்தாக ஓடும். ஓவியர் மத்தீஸ் தம் அறைச் சுவரில் கூபா துணிகளை மாட்டி வைத்திருந்தார்.

● மாலி நாட்டின் 'போகோலான்' சேற்றுச் சாயத் துணி. ஆண்கள் நெய்ய, பெண்கள் இலைக் கஷாயத்தில் ஊறவைத்துச் சேற்றால் வரைவது பழைய முறை. கிரிஸ் செய்டூ (1949–1994) என்ற மாலி வடிவமைப்பாளர் இதைப் பாரிஸ் பாணிக் கோட்டாகவும் குட்டைப் பாவாடையாகவும் தைத்தார். சடங்குகளுக்கு உரிய துணி என்பதால் கத்தரி வைக்கவே முதலில் தயங்கினார். ஒரே துணியில் பல உரு நெருங்கி இருந்தால் கோட்டுக்கு வெட்டும்போது எல்லாம் சிதறிவிடும். ஆகவே உருக்களைக் குறைத்து எளிமையாக்கிய துணியைப் பயன்படுத்தினார்.

● தென்னாப்பிரிக்காவின் 'ஷ்வேஷ்வே' நீலத்துணியை வாங்குமுன் பெண்கள் நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். கஞ்சியின் உப்புச் சுவை இருந்தால்தான் அசல்! துவைத்தால் கஞ்சி போய் மெத்தென்று ஆகிவிடும்.

● கிழக்கு ஆப்பிரிக்காவின் 'காங்கா', கைக்குட்டைத் துணிகளில் ஆறைச் சேர்த்துத் தைத்ததிலிருந்து பிறந்தது என்பது வழிவழிக் கதை. இன்றும் ஜோடியாகத்தான் விற்பனை: ஒன்று இடுப்புக்கு, மற்றது தோளுக்கோ தலைக்கோ.

● வீட்டில் தைப்பவர்களுக்கு: இரண்டு அச்சு சேர்க்கும்போது ஒன்று பெரிய உருவாகவும் மற்றது பொடி உருவாகவும் இருக்கட்டும், ஒரு நிறமாவது இரண்டிலும் பொதுவாக வரட்டும். அப்போதும் கண் கூசினால் நடுவே வெறும் துணியில் இரண்டு விரல் பட்டி கொடுங்கள். எல்லாத் துணியையும் வெட்டுமுன் நனைத்துக் காயவையுங்கள். ஒன்று சுருங்கி மற்றது சுருங்காவிட்டால் தையல் இழுத்துக்கொள்ளும், எவ்வளவு தேய்த்தாலும் நேராகாது. வேக்ஸ் துணி இழுபடாது. உடம்போடு ஒட்டித் தைப்பதானால் கட்டாயம் டார்ட் பிடிக்க வேண்டும். தறித்துணியை வெட்டினால் பிசிறு கொட்டும். வெட்டும் கோட்டில் பின்பக்கம் கேன்வாஸ் ஒட்டிவிட்டுக் கத்தரி வையுங்கள். பெரிய உரு மார்பின் நடுவிலோ முதுகின் நடுவிலோ முழுதாக விழும்படி முதலில் பார்த்துக்கொண்டு, மிச்சத்தில் கையும் கழுத்தும் வெட்டுவது நல்ல தையற்காரரின் வழக்கம்.

● கானாவின் கெண்டே, நான்கு அங்குல அகலத்துக்கு நாடா நாடாவாக நெய்து பக்கம் பக்கமாகத் தைத்த துணி. போன்விரே ஊர் இதற்குப் பேர்போனது. 2024இல் இந்த நெசவு யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அதே உருவை மலிவான பருத்தியில் அச்சடித்தும் விற்கிறார்கள். ஆகவே வாங்குமுன் திருப்பிப் பாருங்கள்: நாடாக்களைச் சேர்த்த தையல் தெரிய வேண்டும், உரு நூலிலேயே இருக்க வேண்டும். கைவேலை என்று விலை சொன்னால், யார் நெய்தது, எந்த ஊர் என்று தயங்காமல் கேளுங்கள்.