கைப்பைக்குள் ஒரு வானொலி நிலையம்

"விஞ்ஞானம் உலகைச் சுருக்கிவிட்டது" என்று மேடைதோறும் கேட்கிறோம். உண்மைதான். ஆனால் அந்தச் சுருங்கிய உலகம் பல இல்லங்களில் ஒரே ஒரு செல்போனுக்குள் அல்லவா அடைபட்டுக் கிடக்கிறது! காலையில் தந்தையார் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினால், வீட்டிலிருந்த இணையமும் அவரோடு கிளம்பிவிடுகிறது. அக்காள் கல்லூரிக்கு விண்ணப்பம் அனுப்ப வேண்டும். தம்பி கணக்குப் பாடம் கேட்க வேண்டும். நமக்கோ அறிவியல் குறிப்பேட்டில் வரைய ஒரு படம் வேண்டும். மூவரும் தந்தையார் வீடு திரும்பும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஊரடங்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன, பாடங்கள் செல்போனுக்கு இடம் மாறின. ஒரு போனும் மூன்று பிள்ளைகளும் இருந்த வீடுகளில் 'முதலில் யாருடைய வகுப்பு?' என்ற கேள்வி பிறந்தது. அந்த வரிசையில் பெண் பிள்ளை கடைசியில் நின்ற வீடுகளும் உண்டு என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இக்குறையைத் தீர்க்க ஒரு சிறு கருவி இருக்கிறது. சோப்புக்கட்டி அளவே உடையது. கையடக்க வைஃபை ரௌட்டர் என்பது அதன் பெயர். 2009-இல் அமெரிக்காவின் நோவாடெல் வயர்லெஸ் நிறுவனம் 'மைஃபை' என்ற பெயரில் இத்தகைய பெட்டியை வெளியிட்டது. நம் நாட்டில் 'ஜியோஃபை' என்ற பெயரில் பலரும் இதை அறிந்தனர். இதனை அமைப்பது எப்படி, ஆள்வது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம், தோழியரே!

பெட்டிக்குள் நடப்பது என்ன?

இப்பெட்டிக்குள் இரண்டு சிறு வானொலி நிலையங்கள் இருக்கின்றன எனலாம். ஒன்று, ஊருக்கு வெளியே நிற்கும் டவருடன் 4ஜி அல்லது 5ஜி அலைகளின் வழியே பேசுகிறது. மற்றொன்று, வீட்டுக்குள் இருக்கும் போன், கணினி முதலியவற்றுடன் வைஃபை அலைகளின் வழியே பேசுகிறது. முன்னது கிலோமீட்டர் கணக்கில் எட்டும். பின்னது சில அறைகள் தாண்டுவதே பெரிது. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்.

ஒரே சிம் கார்டை வைத்துக்கொண்டு பலருக்கு எப்படி இணையம் தர முடிகிறது? நம் விடுதியை நினைத்துப் பாருங்கள். மாணவியர் அனைவருக்கும் வரும் கடிதங்களில் விடுதியின் முகவரி ஒன்றே இருக்கும். காப்பாளர் அவற்றை வாங்கி, பெயர் பார்த்து, உரியவரிடம் சேர்ப்பார். ரௌட்டரும் அவ்வாறே. வெளியுலகுக்கு ஒரே முகவரி. உள்ளே ஒவ்வொரு போனுக்கும் தனித்தனி எண். எந்தச் செய்தியை யார் கேட்டார் என்று குறித்து வைத்து, வந்தவுடன் அவருக்கே கொடுத்துவிடும். பல பெட்டிகள் 10 கருவிகள் வரை ஏற்றுக்கொள்ளும்.

கம்பியின்றிச் செய்தி அனுப்பும் இக்கலைக்கு நம் நாட்டவரும் அடிகோலியிருக்கின்றனர். 1895-இல் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், சுவர்களை ஊடுருவிச் செல்லும் அலைகளைக் கொண்டு தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். ஹெடி லமார் என்ற திரைப்பட நடிகையோ, செய்தியை ஒரே அலைவரிசையில் நிறுத்தாமல் தாவித் தாவி அனுப்பும் முறைக்கு, இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தைலுடன் சேர்ந்து 1942-இல் காப்புரிமை பெற்றார். 1997-இல் வெளிவந்த முதல் வைஃபை விதிமுறையில் இத்தகைய தாவும் முறையும் இடம் பெற்றிருந்தது. இன்றைய வைஃபை வேறு முறைக்கு மாறிவிட்டாலும், புளூடூத் இன்றும் தாவிக்கொண்டுதான் இருக்கிறது.

சிம் கார்டைத் தேர்ந்தெடுத்தல்

பெட்டியை வாங்குமுன் கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இது எல்லாக் கம்பெனி சிம்மையும் ஏற்குமா?" சில பெட்டிகள் விற்ற கம்பெனியின் சிம்மைத் தவிர வேறெதையும் ஏற்பதில்லை. அடுத்து, உங்கள் வீட்டில் எந்தக் கம்பெனியின் டவர் நன்றாகக் கிடைக்கிறது என்பதை அக்கம்பக்கத்துப் போன்களைக் கொண்டு பார்த்து, அதற்கேற்பச் சிம் வாங்குங்கள். 18 வயது நிரம்பாதவர் பெயரில் சிம் தரப்படுவதில்லை; ஆதலால் பெற்றோர் பெயரில்தான் வாங்க வேண்டும்.

வங்கிக் கணக்கோடும் ஆதாரோடும் இணைந்த தந்தையாரின் சிம்மைக் கழற்றி இதில் போட்டுவிடாதீர்கள். இப்பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் பேச வழியில்லை. அழைப்பு வந்தாலும் மணி அடிக்காது. வங்கி அனுப்பும் ரகசிய எண் பெட்டியின் உள்பக்கத்தில் போய் யாரும் பாராமல் கிடக்கும். ஆகவே இதற்கென்று தனிச் சிம் இருப்பதே நலம். வீட்டில் பயன்படாத பழைய 4ஜி செல்போன் இருந்தால் பெட்டியே வேண்டாம். அதில் சிம்மைப் போட்டு 'ஹாட்ஸ்பாட்' வசதியை இயக்கினால் அதுவும் இதே வேலையைச் செய்யும்.

சிம்மின் ஒரு மூலை வெட்டுப்பட்டிருக்கும். பெட்டியில் வரைந்துள்ள படத்தில் அம்மூலை எந்தப் பக்கம் இருக்கிறதோ, அப்பக்கமாகவே செருக வேண்டும். பலவந்தம் கூடாது. சிம்முக்குப் பூட்டு எண் இருந்து, அதை மூன்று முறை தவறாக இட்டால் சிம் முடங்கிவிடும். பிறகு கம்பெனி தரும் எட்டு இலக்கப் பி.யு.கே. எண்ணைக் கொண்டே திறக்க முடியும்.

முதன்முறை இயக்குதல்

முதலில் பாட்டரியை முழுவதும் சார்ஜ் செய்யுங்கள். பிறகு பொத்தானைச் சில நொடிகள் அழுத்தினால் விளக்குகள் எரியும். ஒன்று பாட்டரிக்கு, ஒன்று டவருக்கு, ஒன்று வைஃபைக்கு. நிறங்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறுபடும். ஓரிரு நிமிடங்கள் பொறுத்திருங்கள். டவரைத் தேடிப் பிடிக்க அதற்கும் அவகாசம் வேண்டுமல்லவா?

பெட்டியின் பின்புறத்திலோ பாட்டரியின் அடியிலோ ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதில் வைஃபையின் பெயரும் பாஸ்வேர்டும் அச்சிடப்பட்டிருக்கும். போனில் வைஃபை பட்டியலைத் திறந்து, அப்பெயரைத் தொட்டு, பாஸ்வேர்டை எழுத்துப் பிசகாமல் இடுங்கள். பெரிய எழுத்து வேறு, சிறிய எழுத்து வேறு என்பதில் கவனம் தேவை.

இணைப்புக் கிடைத்தும் இணையம் வரவில்லையானால், பெட்டியின் உள்பக்கத்துக்குள் நுழைந்து பார்க்க வேண்டும். குரோம் போன்ற பிரௌசரில், முகவரி எழுதும் இடத்தில், அதே சீட்டில் உள்ள எண்ணை இடுங்கள். பெரும்பாலும் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்றிருக்கும். இந்த எண் வெளியுலகுக்குச் செல்வதில்லை. பெட்டியின் சொந்தக் கதவுதான். உள்ளே ஏ.பி.என். என்ற கட்டம் இருக்கும். கம்பெனியின் எந்த வாசல் வழியாக இணையத்துக்குள் செல்வது என்பதைச் சொல்லும் பெயர் அது. ஜியோவுக்கு 'ஜியோநெட்', பி.எஸ்.என்.எல்.லுக்கு 'பிஎஸ்என்எல்நெட்' என்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், இடைவெளி விடாமல் எழுத வேண்டும். மற்றக் கம்பெனிகளின் பெயரை அவற்றின் சேவை எண்ணில் கேட்டறியலாம்.

இரண்டு சாவிகள்

இணையம் வந்துவிட்டது என்றதும் பலர் பெட்டியை அலமாரியில் வைத்துவிட்டு மறந்துவிடுகின்றனர். அங்கேதான் ஆபத்து இருக்கிறது. இப்பெட்டிக்கு இரண்டு சாவிகள் உண்டு. வைஃபை பாஸ்வேர்டு வாசற் கதவின் சாவி. உள்பக்கத்துக்குள் நுழையும் பாஸ்வேர்டோ பீரோவின் சாவி. முதலாவதை மாற்றுவோர் பலர். இரண்டாவதை மாற்றுவோர் சிலரே. பல பெட்டிகளில் அது 'அட்மின்' என்ற ஒரே சொல்லாகவே விற்பனைக்கு வருகிறது. வாசலைத் தாண்டி உள்ளே வந்தவர், பூட்டாத பீரோவைத் திறந்து, நம்மையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட முடியும்!

ஆகவே இரண்டையும் முதல் நாளிலேயே மாற்றுங்கள். பிறந்த நாளும் போன் எண்ணும் பாஸ்வேர்டு ஆகா. ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று சொற்களையும் ஓர் எண்ணையும் சேர்த்துக் கோத்தால், நமக்கு நினைவிருக்கும், பிறருக்கு எட்டாது. பூட்டு வகை என்னும் கட்டத்தில் 'டபிள்யூ.பி.ஏ. 2' அல்லது 'டபிள்யூ.பி.ஏ. 3' இருக்கட்டும். 'வெப்' என்ற பழைய பூட்டை எவ்வாறு உடைக்கலாம் என்பதை ஆராய்ச்சியாளர்கள் 2001-லேயே காட்டிவிட்டனர்.

வைஃபையின் பெயர் அக்கம்பக்கத்தார் அனைவருடைய போனிலும் தெரியும். அதில் உங்கள் பெயரையோ வீட்டு எண்ணையோ எழுதி வைக்க வேண்டாம். ஒரு மலரின் பெயர் போதும்.

ஏன் இத்தனை முன்னெச்சரிக்கை? சிம் பெற்றோர் பெயரில் இருக்கிறது. நம் பெட்டி வழியே அந்நியர் ஒருவர் தகாத செயலைச் செய்தால், விசாரணை முதலில் வந்து நிற்பது நம் வீட்டு வாசலில்தான். தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பது தருமம். அதற்காகக் கிணற்றுச் சாவியையே கொடுத்துவிடுவார் உண்டோ?

எங்கே வைப்பது?

முன்னர்க் கூறிய வேறுபாடு இங்கேதான் பயன்படுகிறது. படிப்பவர் அருகில் பெட்டி இருந்தால் வேகம் கூடும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் தொலைவில் இருப்பது டவர். ஆதலால் டவரின் அலை நன்கு வரும் இடத்தில்தான் பெட்டி இருக்க வேண்டும். நாம் ஓர் அறை தள்ளி அமர்ந்தாலும் குறைவில்லை. சன்னல் ஓரமும் உயரமான இடமும் ஏற்றவை. இரும்பு பீரோவின் மேலும், எவர்சில்வர் பாத்திர அடுக்கின் நடுவிலும் வைக்கலாகாது. உலோகம் அலைகளைத் தடுக்கும். மைக்ரோவேவ் அடுப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையையே பயன்படுத்துவதால், அதன் அருகும் ஆகாது.

பெட்டியின் உள்பக்கத்தில் அலையின் வலிமை கழித்தல் குறியுடன் ஓர் எண்ணாகக் காட்டப்படுவதுண்டு. -85 என்றால் நல்லது. -115 என்றால் மெலிவு. வீட்டின் நான்கைந்து இடங்களில் வைத்து அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு ஒப்பிடுங்கள். ஆய்வுக்கூடத்தில் செய்யும் சோதனையை விட இது சுவையானது!

பெட்டியில் 2.4, 5 என இரண்டு அலைவரிசைகள் இருந்தால், சுவர் தாண்டிப் போக 2.4-ஐயும், அதே அறையில் வேகம் வேண்டின் 5-ஐயும் தேர்ந்தெடுக்கலாம்.

சிக்கனக் கணக்கு

ஒரு பாடத்தை நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் பார்ப்பதாகக் கொள்வோம். ஒரு மணிக்கு 3,600 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே 450 மெகாபைட். மூன்று பிள்ளைகள் ஆளுக்கு ஒரு மணி நேரம் பார்த்தால் 1,350 மெகாபைட். நாளுக்கு 1.5 ஜி.பி. தரும் திட்டத்தில் ஏறக்குறைய எல்லாம் தீர்ந்துவிடும். படத்தின் தெளிவைக் குறைத்துக்கொண்டாலோ குரலை மட்டும் கேட்டாலோ மிச்சமாகும். போன்கள் தாமாகவே செயலிகளைப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியை நிறுத்தி வைப்பதும் அவசியம். இல்லையேல் நாம் உறங்கும்போது அவை விருந்து உண்டுவிடும்!

பராமரிப்பு

பெட்டியை வெயிலிலும் தலையணைக்கு அடியிலும் வைக்காதீர்கள். சூடு லித்தியம் பாட்டரிக்குப் பகை. பாட்டரி உப்பிக் காணப்பட்டால் உடனே நிறுத்தி மாற்றிவிட வேண்டும். குத்துவதோ அழுத்துவதோ கூடாது. பாஸ்வேர்டு மறந்துபோனால், ஊசித்துளை போன்ற 'ரீசெட்' பொத்தானைச் சுமார் 10 நொடி அழுத்தினால் பெட்டி கடையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பும். அப்போது பழைய 'அட்மின்' சொல்லும் திரும்பி வந்துவிடும் என்பதால், இரண்டு சாவிகளையும் மறுபடியும் மாற்ற மறவாதீர்கள்.

தோழியரே! வீட்டில் ஒரு கருவி நின்றுபோனால் 'அண்ணன் வரட்டும், அவன் பார்ப்பான்' என்று ஒதுங்கி நிற்பது நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. அண்ணன் வரும்வரை பாடம் காத்திருக்குமா? விண்ணப்பத்தின் கடைசி நாள்தான் காத்திருக்குமா? சீட்டைப் படிக்கத் தெரிந்த எவரும் இப்பெட்டியை அமைத்துவிடலாம். பெற்றோரிடம் கேட்டு, அவர்கள் பார்த்திருக்க, நீங்களே செய்யுங்கள். செய்து முடித்தபின் பக்கத்து வீட்டுத் தங்கைக்கும் கற்றுக் கொடுங்கள். கதவைத் திறக்கவும் பூட்டவும் தெரிந்தவள் எவளோ, அவளே அவ்வீட்டின் அறிவுச் செல்வத்துக்கு உரிமையுடையவள்!