இரத்தத்தில் எட்டு, மூளையில் எவ்வளவு?

பொன்னேரியில் ஒரு நாள் நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது முன்வரிசை மாணவன் ஒருவன் திடீரென்று கீழே சாய்ந்தான். கைகால்கள் வெட்டி இழுத்தன. "சாவிக்கொத்து எங்கே?" என்று யாரோ ஓடினார்கள். சாவி வருவதற்குள் வலிப்பு நின்றுவிட்டது. இன்னும் சற்று நீடித்திருந்தால் அந்தப் புகழ் இரும்புக்குப் போயிருக்கும்! பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடும் என்பதே உண்மை.

டாக்டர் பெனிடாயின் மாத்திரை கொடுத்தார். அதன்பின் வலிப்பு வரவில்லை. சில மாதங்கள் கழித்து அம்மாணவன் இரத்தப் பரிசோதனைச் சீட்டுடன் வந்தான். ஒரு மில்லிலிட்டரில் 8 மைக்ரோகிராம் மருந்து என்றிருந்தது. இருக்க வேண்டியதோ 10 முதல் 20 வரை. "சார், மருந்து போதவில்லை போலிருக்கிறதே, இன்னொரு மாத்திரை போட்டுக்கொள்ளட்டுமா?" என்றான்.

நீங்கள் என்ன சொல்வீர்கள்? விடை காண, மருந்தோடு நாமும் சற்றுப் பயணம் செய்வோம்.

மூளையின் காவல்

1885-இல் ஜெர்மானிய விஞ்ஞானி பால் எர்லிக் விலங்குகளின் இரத்தத்தில் சாயங்களைச் செலுத்திப் பார்த்தார். மற்ற உறுப்புகள் நிறம் மாறின. மூளை மட்டும் மாறவில்லை. அவருடைய மாணவர் கோல்ட்மன் 1913-இல் சாயத்தை மூளைத் தண்டுவட நீரில் செலுத்தினார். இம்முறை மூளை நிறம் ஏற்றது, உடல் ஏற்கவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு தடுப்பு இருப்பது தெளிவாயிற்று. மூளையின் தந்துகிகளில் செல்கள் இடைவெளியின்றி ஒட்டியிருப்பதே அத்தடுப்பு என்பதை 1967-இல் ரீஸ், கார்னோவ்ஸ்கி ஆகியோர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டனர்.

கொழுப்பில் கரையும் சிறு மூலக்கூறுகள் இத்தடுப்பைக் கடக்கும். 1938-இல் மெரிட், பட்னம் என்ற அமெரிக்க மருத்துவர்கள் வலிப்புக்கு மருந்தாக்கிய பெனிடாயின் அத்தகையது. ஆனால் அதற்கும் ஒரு சிக்கல் உண்டு.

அமர்ந்தவரும் நடப்பவரும்

பழவேற்காட்டுக்குச் செல்லும் பேருந்துகள் நிற்கும் நிலையத்தைக் கற்பனை செய்யுங்கள். 100 பேரில் 90 பேர் பேருந்துகளில் அமர்ந்திருக்கிறார்கள். 10 பேர் நடக்கிறார்கள். நிலையத்தின் சிறு வாயிலில் நடப்பவர்தாம் நுழைய முடியும், பேருந்து நுழையாது. இரத்தத்திலுள்ள ஆல்புமின் என்னும் புரதமே நம் பேருந்து. பெனிடாயினில் ஏறக்குறைய 90 சதவீதம் அதில் ஒட்டிக்கொள்கிறது. எஞ்சிய 10 சதவீதமே மூளைக்குள் விரவிச் செல்கிறது.

இதை அளப்பது எப்படி? ஒருகூறு புகவிடும் சவ்வின் ஒரு பக்கம் இரத்தத் தெளிநீரையும் மறுபக்கம் உப்புக் கரைசலையும் வைக்கிறார்கள். புரதம் சவ்வைக் கடக்காது. ஒட்டாத மருந்து கடக்கும். இரு பக்கமும் சமநிலை அடைந்ததும் கரைசலிலுள்ள மருந்தை அளந்தால் தனித்த மருந்தின் அளவு கிடைத்துவிடும். நீங்கள் படித்த விரவல் பாடமேதான் இது!

இரத்தத்தில் மொத்தம் 15 மைக்ரோகிராம் இருந்தால் தனித்த மருந்து சுமார் 1.5. மூளைத் தண்டுவட நீரிலும் உமிழ்நீரிலும் ஏறத்தாழ அதே அளவுதான் இருக்கும்.

மூளைத் திசுவில்? வலிப்புக்காக அறுவை செய்து அகற்றிய சிறு துண்டுகளை 1970-களில் ஆராய்ந்தபோது, இரத்தத்தின் மொத்த அளவுக்கு ஒப்பாகவோ சற்று மிகுந்தோ மருந்து இருந்தது. மூளையின் கொழுப்புப் பொருள்களிலும் அது ஒட்டிக்கொள்வதே காரணம். ஆகவே அந்தப் பெரிய எண்ணும் நம்மை ஏமாற்றக்கூடும். 1990-களில் நுனியில் சவ்வு பொருத்திய மெல்லிய குழாயை அறுவை நோயாளிகளின் மூளையில் வைத்து, செல்களுக்கு இடையிலுள்ள நீரில் தனித்துலவும் மருந்தையே அளந்தனர்.

கணக்கைப் போடுவோம்

இனி நம் மாணவனிடம் வருவோம். அவனுக்குச் சிறுநீரக நோயும் உண்டு. ஆல்புமின் சிறுநீரில் வெளியேறிக்கொண்டிருந்தது. பேருந்துகள் குறைந்தால் நடப்பவர் விகிதம் கூடும் அல்லவா? 10 சதவீதம் 20 ஆனதாகக் கொள்வோம். 8-இல் 20 சதவீதம் 1.6. நலமான ஒருவரின் 1.5-ஐவிடக் குறைவே இல்லை! மூளைக்குப் போதிய மருந்து போய்க்கொண்டுதான் இருந்தது.

மாத்திரையைக் கூட்டியிருந்தால்? பெனிடாயினைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகள் ஓரளவில் திணறிவிடும். அதன்பின் சிறிது கூட்டினாலும் இரத்தத்தில் மருந்து மளமளவென்று ஏறும். நடை தள்ளாடும், பார்வை இரட்டையாகும். "டாக்டரைக் கேட்காமல் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்" என்று சொல்லி அனுப்பினேன். டாக்டரும் ஆல்புமினைக் கணக்கில் கொண்டு பழைய அளவையே தொடரச் சொன்னார்.

கர்நாடகத்தின் எளந்தூர் வட்டாரக் கிராமங்களில் டாக்டர் கே. எஸ். மணியும் குழுவினரும் பெனிடாயின், பீனோபார்பிட்டால் ஆகிய மலிவான மருந்துகளைக் கொண்டே பலரின் வலிப்பைக் கட்டுப்படுத்தினார்கள். அம்முடிவுகள் 2001-இல் வெளியாயின. மாத்திரையை நாள் தவறாமல் உட்கொள்வது அவ்வளவு முக்கியம்.

உங்கள் வகுப்பில் யாருக்கேனும் வலிப்பு வந்தால் சாவியைத் தேடி ஓடாதீர்கள். பக்கவாட்டில் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடங்களைத் தாண்டினால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். அந்த மாணவன் இன்றும் முன்வரிசையில்தான் அமர்கிறான்.