உங்களுக்குத் தெரியுமா? கான்கிரீட்டுக்குள் கோடி ஊசிகள்!

கம்பி கட்டாமலே கான்கிரீட் தரை போடலாம்! தொழிற்சாலைகளிலும் கிடங்குகளிலும் பல தரைகள் இப்படித்தான் உருவாகின்றன. கம்பிக்குப் பதில் ஸ்டீல் ஃபைபர். விரல் நீளம்கூட இல்லாத எஃகு இழை. கலவையோடு கலந்து கொட்டினால் போதும்!

ஒரு கன மீட்டருக்கு 25 கிலோ போட்டாலே எத்தனை இழை தெரியுமா? மெல்லிய இழையாக இருந்தால் ஒரு லட்சத்தையும் தாண்டும்!

புதுசு என்று நினைத்தீர்களா? கான்கிரீட்டில் இரும்புத் துகள் கலக்க அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய ஆண்டு 1874!

பாலிங்கிலிருந்து மலைப்பாதை பிடித்து கிரிக் போகிறீர்களா? பத்து எனாம் பாலத்தைக் கட்டாயம் பாருங்கள். பேராக் ஆற்றுக்கு மேலே, 2015-இல் கட்டி முடித்தது. நீளம் 100 மீட்டர். நடுவில் தூண்? ஒன்றுகூட இல்லை! பாலத்தின் உடம்பு முழுக்க எஃகு இழை கலந்த அதிவலிமைக் கான்கிரீட். துண்டு துண்டாக வார்த்து, எஃகு வடங்களால் இறுக்கிச் சேர்த்திருக்கிறார்கள். நம் வீட்டுக் கான்கிரீட்டைவிட ஏறக்குறைய 5 மடங்கு வலிமை!

இந்த வகைக் கலவையில் போடும் இழை மிக மெல்லியது. 0.2 மில்லிமீட்டர்தான்! 20 மில்லிமீட்டர் நீள இழையைக் கன அளவில் நூற்றுக்கு 2 பங்கு கலந்தால், ஒரே கன மீட்டரில் 3 கோடி இழை. நம்பித்தான் ஆகவேண்டும், கணக்குப் போட்டுப் பார்த்தாயிற்று!

இரும்பு கடாரத்துக்கு, அதாவது நம் கெடாவுக்கு, புதுசா என்ன? பீடோங் பக்கம் சுங்கை பத்துவில் 2009 முதல் தோண்டுகிறார்கள். கிடைத்தவை இரும்பு உருக்கிய உலைகள்! காற்று ஊதிய மண்குழாய்கள் குவியல் குவியலாக! ராஜேந்திர சோழனின் படை 1025-இல் வருவதற்கு முன்பே இங்கே உலை எரிந்திருக்கிறது!

தோட்டத்து மில்லில் மலையாகக் குவியும் செம்பனைக் கொட்டை ஓடு இருக்கிறதே, அதை ஜல்லிக்குப் பதிலாகப் போட்டும் கான்கிரீட் செய்யலாம். எடை ஏறக்குறைய 20 விழுக்காடு குறைவு! அதோடு எஃகு இழையையும் கலந்து சோதித்துப் பார்த்தவர்கள் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். சபாவில் பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஓட்டுக் கான்கிரீட்டால் வீடே கட்டிவிட்டார்கள்!

நம் பாட்டிமார் விடியற்காலையில் பால்மரம் வெட்டினார்களே, அந்தப் பால் டயராகி, தேய்ந்து, தூக்கி எறியப்பட்ட பிறகும் வேலை முடியவில்லை. உள்ளே இருக்கும் எஃகுக் கம்பியை உருவியெடுத்துக் கான்கிரீட்டில் கலக்கலாம். ஒரு லோரி டயரின் எடையில் எஃகு மட்டும் எவ்வளவு? ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு!