துவரை வேர் செய்கிற வேலை

மூட்டை மூட்டையாக டிஏபி போட்டும் பயிர் தேறவில்லை என்று செம்மண் காட்டுக்காரர்கள் சலித்துக்கொள்வதுண்டு. காரணம் சிக்கலானதல்ல, டீ ஆறுவதற்குள் சொல்லிவிடலாம். அந்த உரத்தில் போட்ட மணிச்சத்தில் (பாஸ்பரஸ்) பெரும்பங்கு மண்ணிலேயே கிடக்கிறது. செம்மண்ணுக்குச் சிவப்பைக் கொடுக்கிற இரும்பே அதைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. லேசில் கரையாது. பயிருக்கு அது இருந்தும் இல்லாத கணக்குதான்.

துவரை இதில் கெட்டிக்காரி. ஹைதராபாத் பக்கம் பட்டஞ்சேருவில் உள்ள இக்ரிசாட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் ஜப்பானிய விஞ்ஞானிகள் செய்த ஆய்வு 1990-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. மணிச்சத்து போடாத செம்மண்ணில் சோளம் தாக்குப்பிடிக்கவில்லை, துவரை பிழைத்துக்கொண்டது. அதன் வேரில் கசிகிற பிசிடிக் அமிலம் இரும்பைக் கவ்விக்கொள்ள, மணிச்சத்து விடுபடுகிறது.

கரிசலில் இந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது. அங்கே மணிச்சத்தைப் பிடித்திருப்பது சுண்ணாம்பு. அதற்குக் கொண்டைக்கடலைதான் சரி. அதன் வேர் விடுவது சிட்ரிக் அமிலம், எலுமிச்சம்பழத்தில் புளிக்கிற அதே சரக்கு. ஆனால் விதைக்கடையில் யார் வேரைப் பற்றிக் கேட்கிறார்கள்? எத்தனை நாள் ரகம், ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

துவரை எடுத்த சத்தில் ஒரு பகுதி இலையாக உதிர்ந்தும் வேராக மட்கியும் அடுத்த பயிருக்கு வந்துசேரும். கலப்பை தொடாத அடிமண் வரை ஆணிவேர் இறங்குகிறது. அது மட்கிய துளை வழியே மழைத்தண்ணீரும் இறங்கும், அடுத்த பயிரின் வேரும் இறங்கும். பூக்கிற சமயத்தில் ஒரு செடியை மண்ணோடு தோண்டியெடுத்து, வேர்முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றிலிருந்து தழைச்சத்து சேர்ந்துகொண்டிருக்கிறது. வெளுத்துக் கிடந்தால் அடுத்த முறை விதையை ரைசோபியம் நுண்ணுயிரில் நேர்த்தி செய்துவிட்டு விதைக்க வேண்டும்.

ஒன்றை மறக்கக் கூடாது. துவரை மணிச்சத்தை உண்டாக்குவதில்லை, இருப்பதைத்தான் வெளியே கொண்டுவருகிறது. திருப்பிப் போடாமல் அள்ளிக்கொண்டே இருந்தால் இருப்பு குறையும். அதனால் தொழுவுரத்தை நிறுத்திவிடாதீர்கள். அறுவடையின்போது விறகுக்காகச் செடியை வேரோடு பிடுங்கவும் வேண்டாம். தரையை ஒட்டி அறுத்து மிளாரை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். வேர் நிலத்திலேயே இருக்கட்டும்.